ரோட் ஐலண்ட் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா? மகளின் பள்ளி வேலைக்காக

1. சீதாப்பழம்

வணக்கம். ஐந்தாம் வகுப்பில் ஆளுக்கொரு மாநிலம் என்று சீட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் மகளின் உயிர்த்தோழிக்கு டெக்சஸ். இவளுக்கு ரோட் ஐலண்ட். வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, "சின்னதா இருக்கும்மா, அவ்வளவுதான், வேற ஒண்ணுமே இல்ல" என்று ஒரே அழுகை.

மூன்று வாரத்தில் ஒரு பெரிய அட்டை தயார் செய்து வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைநகரம் பிராவிடன்ஸ், சின்னம் நங்கூரம், குறிக்கோள் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல், 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10,97,379. இதெல்லாம் அவளே எழுதிவிட்டாள். இதற்கு மேல் என்ன இருக்கிறது? நாங்கள் இருப்பது ஒஹாயோ, அந்தப் பக்கம் போனதே இல்லை.

2. எதிர்க்கட்சி

அது மாநிலமா, வண்டி நிறுத்துகிற இடமா? டெக்சஸில் கிங் ரேஞ்ச் என்று ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறது. 8,25,000 ஏக்கர். ரோட் ஐலண்டின் தரை முழுவதையும் அதற்குள் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் மாடு மேய்க்கலாம். பாவம் உங்கள் பாப்பா.

3. வரைபடப்பித்தன்

கிண்டலாகச் சொன்னாலும் கணக்கு சரிதான். பண்ணை சுமார் 1,289 சதுர மைல். ரோட் ஐலண்டின் தரைப்பரப்பு 1,034 சதுர மைல், அதாவது 2,678 சதுர கிலோமீட்டர். ஆனால் சகோதரி, பல புத்தகங்களில் 1,545 சதுர மைல் என்றும் பார்ப்பீர்கள். குழம்ப வேண்டாம், அது நீரையும் சேர்த்த எண். நரகான்செட் விரிகுடா மாநிலத்தின் வயிற்றுக்குள் புகுந்து கிடப்பதால் இவ்வளவு வித்தியாசம். அட்டையில் எந்த எண்ணை எழுதினாலும், பக்கத்தில் ‘தரை மட்டும்’ அல்லது ‘நீரும் சேர்த்து’ என்று ஒரு வார்த்தை போடச் சொல்லுங்கள். வடக்கு தெற்காக 48 மைல், கிழக்கு மேற்காக 37 மைல்.

இன்னொன்று. பரப்பில்தான் கடைசி, மக்கள்தொகையில் இல்லை. 2020 கணக்கெடுப்பில் வயோமிங், வெர்மாண்ட், அலாஸ்கா, இரண்டு டகோட்டாக்கள், டெலவேர், மொன்டானா என்று ஏழு மாநிலங்கள் அதற்கும் கீழே இருந்தன. வயோமிங்கில் அப்போது 5,76,851 பேர்தான். நெருக்கத்தில் நியூ ஜெர்சிக்கு அடுத்த இடம் ரோட் ஐலண்டுக்கு.

4. மட்டக்குதிரை

தலைப்பை ‘ரோட் தீவு’ என்று மாற்றலாமே? தமிழில் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

5. விரிகுடா நண்டு

தயவுசெய்து வேண்டாம். பதினான்கு வருடமாகப் பிராவிடன்ஸில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் "தீவுல இருக்கியே, புயல் வந்தா என்ன பண்ணுவே?" என்கிறார்கள். நான் இருப்பது தீவு இல்லை, சாலையில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் பாஸ்டன்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், விரிகுடாவுக்குள் அக்விட்னெக் என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. நியூபோர்ட், மிடில்டவுன், போர்ட்ஸ்மத் மூன்று ஊர்களும் அதன் மேல். அதற்கு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர்தான் ரோட் ஐலண்ட். தீவின் பெயர் மாநிலத்துக்கு ஏறிவிட்டது, தீவுக்குப் பழைய பெயரே தங்கிவிட்டது. இப்போது இங்கே யாரிடமாவது ‘ரோட் ஐலண்ட் எங்கே’ என்று கேட்டால் காலடியைக் காட்டுவார்கள், தீவை இல்லை.

6. மட்டக்குதிரை

சரி, ‘ரோட்’ என்றால்? சாலையா?

7. ஓய்வுபெற்ற வாத்தியார்

சாலை இல்லை தம்பி. இரண்டு கதை சொல்வார்கள். 1524இல் இந்தக் கரையோரம் வந்த இத்தாலிய மாலுமி வெராசானோ, ஒரு தீவைப் பார்த்துக் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவு அளவு இருக்கிறது என்று எழுதினார். அவர் பார்த்தது இன்றைய பிளாக் ஐலண்ட் என்பது பலர் கருத்து. பின்னால் வந்தவர்கள் அந்த ஒப்புமையை அக்விட்னெக்குக்குப் பொருத்திவிட்டார்கள். இன்னொரு கதையில் டச்சு மாலுமி அட்ரியன் பிளாக் இங்கே சிவந்த கரையைக் கண்டு ‘சிவப்புத் தீவு’ என்றார், டச்சு மொழியின் ‘ரோட்’ அதுதான் என்பார்கள். 1644இல் குடியேறிகள் தீவுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தபோது ‘ஐல் ஆஃப் ரோட்ஸ்’ என்று எழுதினார்கள். அதனால் நான் முதல் கதைப் பக்கம்.

அம்மா சீதாப்பழம், உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்கு வாய்த்திருப்பது சின்ன மாநிலம் இல்லை, பிடிவாதக்கார மாநிலம். இரவு உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

8. எதிர்க்கட்சி

வாத்தியார் பாடம் ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் ஓடுங்கள்.

9. சீதாப்பழம்

எழுதுங்கள் ஐயா, காத்திருக்கிறேன்.

10. பசலைக்கீரை

சாப்பாட்டுப் பக்கம் நான் வருகிறேன். அதிகாரபூர்வ மாநில பானம் காபிப் பால். 1993இல் சட்டமே போட்டு அறிவித்தார்கள். டெல்ஸ் என்ற உறைந்த எலுமிச்சை பானத்துக்கும் இதற்கும் போட்டி, காபிப் பால் ஜெயித்தது. சாக்லேட் பால் மாதிரி, சாக்லேட்டுக்குப் பதில் காபிப் பாகு.

11. விரிகுடா நண்டு

காபிப் பால் இல்லாத பள்ளி கேன்டீனை இங்கே பார்க்க முடியாது. பாகில் பெயர்பெற்றது ஆட்டோகிராட். ஒரு கோப்பை குளிர்ந்த பாலில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிக் கலக்கினால் ஆயிற்று. அதிலேயே ஐஸ்கிரீம் போட்டு அடித்தால் அதன் பெயர் ‘கேபினட்’. மில்க்ஷேக்கை யாராவது கேபினட் என்பார்களா? வந்த புதிதில் கடைப் பலகையில் ‘காபி கேபினட்’ என்று பார்த்துவிட்டு, மரச்சாமான் கடைக்குள் வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். குடிநீர்க் குழாய் இங்கே ‘பப்ளர்’.

வழி கேட்டால் சொல்கிற அழகையும் சொல்ல வேண்டும். "முன்னாடி பேக்கரி இருந்ததே, அங்கே இடதுபக்கம் திரும்பு" என்பார்கள். பேக்கரி மூடிப் பத்து வருடம் ஆகியிருக்கும். அப்போது நான் அமெரிக்காவுக்கே வந்து எட்டு வருடம் ஆகியிருக்காது. அரை மணி நேரம் காரில் போக வேண்டிய இடம் என்றால் அது வெளியூர்ப் பயணம், கட்டுச்சோறு எடுத்துக்கொள் என்று கேலி செய்வார்கள். இரண்டு வருடத்தில் நானும் அப்படி ஆகிவிட்டேன்.

12. கோர்ட் நம்பர் மூன்று

அட்டையில் இந்தியாவுக்கும் ஒரு மூலை கிடைக்கும், சொல்கிறேன். அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் போட்டி 1881இல் நடந்தது நியூபோர்ட் காசினோவில். காசினோ என்றதும் சூதாட்டம் என்று நினைக்காதீர்கள், அது பணக்காரர்களின் விளையாட்டு மன்றம். இன்று யூ.எஸ். ஓப்பன் என்கிறோமே, அதன் மூத்த வடிவம் அதுதான். அதே வளாகத்தில் இப்போது சர்வதேச டென்னிஸ் புகழரங்கம் இருக்கிறது.

அங்கே புல்தரையில் நடக்கும் போட்டியில் நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் மூன்று முறை பட்டம் வென்றார்: 1976, 1980, 1984. அவர் மகன் பிரகாஷ் 2008இல் இறுதிவரை போய் ஃபாப்ரிஸ் சான்டோரோவிடம் தோற்றார். 2024இல் விஜய்யும் லியாண்டர் பயஸும் ஒரே விழாவில் அதே ஊரில் புகழரங்கத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஆசியாவிலிருந்து அங்கே நுழைந்த முதல் ஆண்கள் இவர்கள் இருவர்தான். மூன்று முறை வென்ற மைதானத்திலேயே பெயர் பொறிக்கப்படுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

13. சீதாப்பழம்

இது எனக்குத் தெரியவே தெரியாது! என் அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் விஜய் அமிர்தராஜ் ரசிகர்.

14. ஓய்வுபெற்ற வாத்தியார்

சரி, வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசசூசெட்ஸில் ரோஜர் வில்லியம்ஸ் என்று ஒரு பாதிரியார். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் ஆட்சியாளர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று, ஒருவன் கடவுளை எப்படி வணங்குகிறான் என்பதில் அரசாங்கத்துக்கு வேலை இல்லை. இரண்டு, இந்த நிலம் பழங்குடிகளுடையது, அவர்களிடம் வாங்காமல் இங்கிலாந்து ராஜா தானமாக எழுதிக் கொடுத்தது செல்லாது. 1635 அக்டோபரில் அவரை நாடு கடத்தத் தீர்ப்பு. பிடித்துக் கப்பலேற்ற ஆள் வருவதற்குள் 1636 ஜனவரிப் பனியில் தப்பி நடந்தார். அந்தக் குளிரில் அவரைக் காப்பாற்றியவர்கள் வாம்பனோக் பழங்குடி மக்கள். பின்னர் நரகான்செட் தலைவர்களான கனோனிகஸ், மியான்டனோமி இருவரிடமும் நிலம் பெற்று ஊர் அமைத்தார். தெய்வம் வழிகாட்டியது என்று நம்பி வைத்த பெயர் பிராவிடன்ஸ், இறையருள் என்று பொருள். அவர் நரகான்செட் மொழியைக் கற்று அதைப் பற்றி எழுதிய நூல் 1643இல் லண்டனில் அச்சானது.

அதற்குப் பிறகு அந்த இடம் மற்ற ஊர்களிலிருந்து துரத்தப்பட்டவர்களின் புகலிடம் ஆயிற்று. பாஸ்டனில் பிரசங்கம் செய்ததற்காக விரட்டப்பட்ட ஆன் ஹட்சின்சன் வந்தார், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வந்தார்கள், யூதர்கள் வந்தார்கள். அமெரிக்காவில் இன்று நிற்கும் மிகப் பழைய யூத ஜெப ஆலயம் நியூபோர்ட்டின் டூரோ, 1763. முதல் பாப்டிஸ்ட் சபை பிராவிடன்ஸில், 1638. அண்டை ஊர்க்காரர்கள் இந்த இடத்தைக் குப்பைத் தொட்டி என்று ஏசினார்கள்.

1663இல் இரண்டாம் சார்லஸ் கொடுத்த சாசனம் மதச் சுதந்திரத்தை எழுத்தில் உறுதி செய்தது. அதையே அரசியல் சட்டமாக 1843 வரை வைத்திருந்தார்கள். சுதந்திரம் வாங்கி அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் ராஜாவின் காகிதத்தில் ஆட்சி! அந்த ஆட்சியில் ஓட்டுரிமை சொத்துள்ளவர்களுக்குத்தான். அதை மாற்றச் சொல்லி 1842இல் தாமஸ் டார் என்பவர் தனியாக ஓர் அரசே அமைத்துக் கலகம் செய்த பிறகுதான் புதுச் சட்டம் வந்தது.

வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய பாஸ்டன் தேநீர் விருந்து எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 1772 ஜூனில், கடத்தல்காரர்களைத் துரத்தி வந்த காஸ்பி என்ற பிரிட்டிஷ் சுங்கக் கப்பல் விரிகுடாவில் தரை தட்டியது. இரவோடிரவாகப் படகுகளில் போய், கப்பல் தலைவரைச் சுட்டுக் காயப்படுத்தி, கப்பலையே கொளுத்திவிட்டார்கள். விசாரணைக் குழு வந்தது. செய்தவர்களை ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை, ஒருவர் மீதும் வழக்கு நிற்கவில்லை.

15. விரிகுடா நண்டு

வாத்தியார் சொன்னதை ஆமோதிக்கிறேன். பாஸ்டன்காரர்கள் தேயிலையைக் கொட்டினார்கள், நாங்கள் கப்பலையே கொளுத்தினோம், ஆனால் பேர் அவர்களுக்கு என்று இங்கே இன்னும் புலம்புவார்கள். வாரிக்கில் வருடா வருடம் காஸ்பி விழா நடக்கும், கப்பல் பொம்மையைக் கொளுத்துவார்கள்.

16. மட்டக்குதிரை

அதனால்தான் நம்பர் பிளேட்டில் ‘முதல் மாநிலம்’ என்று போட்டிருக்கிறதா?

17. வரைபடப்பித்தன்

அது டெலவேர். 1787 டிசம்பர் 7இல் அரசியல் சட்டத்தை முதலில் ஏற்றது அவர்கள். ரோட் ஐலண்ட் நேர் எதிர், முதல் பதின்மூன்று மாநிலங்களில் கடைசி.

18. ஓய்வுபெற்ற வாத்தியார்

கடைசி என்றால் எப்படிக் கடைசி தெரியுமா? 1776 மே 4இல், மற்றவர்களுக்கு இரண்டு மாதம் முன்பே, ராஜாவுக்கு விசுவாசமில்லை என்று அறிவித்தவர்கள் இவர்கள். ஆனால் 1787இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியபோது ஆளே அனுப்பவில்லை. 1788இல் மக்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவாளர்கள் புறக்கணித்த அந்த வாக்கெடுப்பில் பதினொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. காகிதப் பணம் அச்சடிக்கும் உரிமை போய்விடும், பெரிய மாநிலங்கள் விழுங்கிவிடும், அடிமை வியாபாரத்துக்குச் சட்டம் இருபது வருடம் இடம் கொடுக்கிறது என்று ஆளுக்கொரு காரணம். பத்திரிகைகள் ‘ரோக் ஐலண்ட்’, போக்கிரித் தீவு, என்று எழுதின.

1789இல் வாஷிங்டன் ஜனாதிபதி ஆகி அந்தப் பகுதிகளில் சுற்றுப்பயணம் போனபோது ரோட் ஐலண்டுக்குள் கால் வைக்கவில்லை, அது அப்போது வெளிநாடு மாதிரி. கடைசியில் 1790இல் வணிகத் தடை விதிப்போம் என்று செனட் மசோதா நிறைவேற்றியது. நீங்கள் சேராவிட்டால் நாங்கள் தனியாகப் பிரிந்து போய்ச் சேர்வோம் என்று பிராவிடன்ஸ் நகரமே மிரட்டியது. மே 29இல் வாக்கெடுப்பு: 34 ஆதரவு, 32 எதிர்ப்பு.

அந்த ஆகஸ்டிலேயே வாஷிங்டன் வந்தார். மதவெறிக்கு ஒப்புதல் இல்லை, கொடுமைக்குத் துணை இல்லை என்ற பொருளில் நியூபோர்ட் யூதர்களுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் வருடா வருடம் படிக்கப்படுகிறது. அந்த வரி முதலில் அந்த யூத சபையின் மோசஸ் சீஷஸ் எழுதிய வரவேற்பு மடலில் இருந்தது, வாஷிங்டன் அதைத் திருப்பிச் சொன்னார். இதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

மதுவிலக்குத் திருத்தத்தையும் ஏற்காத இரண்டு மாநிலங்களில் இது ஒன்று, மற்றது கனெக்டிகட்.

19. எதிர்க்கட்சி

வாத்தியாரே, கேலி இல்லாமல் ஒரு கேள்வி. மனச்சாட்சி, சுதந்திரம், துரத்தப்பட்டவர்களுக்குப் புகலிடம் என்கிறீர்கள். அமெரிக்கக் காலனிகளிலேயே அடிமை வியாபாரத்தில் முன்னால் நின்றது இதே ரோட் ஐலண்ட்தானே? அதை ஏன் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள்?

20. ஓய்வுபெற்ற வாத்தியார்

நியாயமான கேள்வி. தாண்டியது என் தவறு.

21. விரிகுடா நண்டு

அதை நான் சொல்கிறேன். நியூபோர்ட்டில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அழகான பழைய வீடுகள் பலவற்றின் அஸ்திவாரம் அந்தப் பணம்தான். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கரும்புப் பாகு வரும். இங்கே அதை ரம் ஆக வடிப்பார்கள். 1764இல் இந்தக் காலனி பிரிட்டனுக்கு அனுப்பிய மனுவிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட வடிப்பாலைகள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ரம் ஆப்பிரிக்காவுக்குப் போகும், மனிதர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு, அங்கிருந்து மறுபடி கரும்புப் பாகு. சுமார் தொள்ளாயிரம் பயணங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள். அமெரிக்கக் கப்பல்களின் அடிமைப் பயணங்களில் பாதிக்கும் மேல் இந்தக் குட்டி இடத்திலிருந்துதான்.

வேதனை என்னவென்றால், 1652இலேயே பிராவிடன்ஸும் வாரிக்கும் பத்து வருடத்துக்கு மேல் யாரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. அமல்படுத்தவே இல்லை. 1784இல்தான் இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என்று சட்டம் வந்தது. வெளிநாட்டு அடிமை வியாபாரத்தை 1787இல் மாநிலம் தடை செய்த பிறகும் பிரிஸ்டலின் டிவுல்ஃப் குடும்பம் தொடர்ந்தது. அந்தக் குடும்பத்தின் ஜேம்ஸ் டிவுல்ஃப் பின்னால் அமெரிக்க செனட்டரே ஆனார். பிராவிடன்ஸின் பிரவுன் சகோதரர்களில் ஜான் அடிமை வியாபாரி, தம்பி மோசஸ் அதை எதிர்த்துப் போராடியவர். ஒரே வீடு.

22. சீதாப்பழம்

இதைப் பத்து வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? அட்டையில் போடலாமா வேண்டாமா என்று யோசனையாக இருக்கிறது.

23. பசலைக்கீரை

போடுங்கள். என் பையன் நான்காம் வகுப்பிலேயே இதைப் படித்தான். ரம், கரும்புப் பாகு, மனிதர்கள் என்று முக்கோணம் வரைந்து அம்புக்குறி போட்டால் அவளுக்கே புரியும்.

24. எதிர்க்கட்சி

நானும் போடச் சொல்கிறேன். கூடவே இதையும்: 1778இல் புரட்சிப் போருக்கு ஆள் பற்றாக்குறை. சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்து, முதலாம் ரோட் ஐலண்ட் படைப்பிரிவில் கறுப்பர்களையும் பழங்குடியினரையும் சேர்த்தார்கள். எஜமானர்களுக்கு நஷ்ட ஈடு, வீரர்களுக்கு விடுதலை. அதிலும் சில மாதத்தில் எஜமானர்கள் கத்தி, புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

25. மட்டக்குதிரை

எதிர்க்கட்சிக்கு இவ்வளவு தெரியுமா? அப்புறம் ஏன் வண்டி நிறுத்துமிடம் என்றீர்கள்?

26. எதிர்க்கட்சி

தெரிந்தவன்தான் கேலி செய்ய முடியும்.

27. ஓய்வுபெற்ற வாத்தியார்

பழங்குடிகளின் கதையும் பாதியில் நிற்கிறது. நிலம் கொடுத்த நரகான்செட் மக்கள் மீது 1675 டிசம்பரில் மற்ற காலனிகளின் படை பாய்ந்தது. இன்றைய தெற்கு கிங்ஸ்டவுன் அருகே சதுப்பு நிலத்துக்குள் இருந்த அவர்கள் கோட்டையை எரித்து, பெண்கள் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றார்கள். அடுத்த மார்ச்சில் பதிலடியாகப் பிராவிடன்ஸ் எரிந்தது, முதியவரான வில்லியம்ஸின் வீடும் போயிற்று. அவர்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் கிடைத்தது 1983இல்.

28. வரைபடப்பித்தன்

பெயர் மாற்றத்தை யாரும் சொல்லவில்லையே? சில வருடம் முன்பு வரை மிகச் சிறிய மாநிலத்துக்கு மிக நீளமான பெயர். ‘ஸ்டேட் ஆஃப் ரோட் ஐலண்ட் அண்ட் பிராவிடன்ஸ் பிளான்டேஷன்ஸ்’. 2010இல் பின்பாதியை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள், 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2020 நவம்பரில் மறுபடி கேட்டார்கள், சுமார் 53 சதவீதம் பேர் நீக்கச் சொன்னார்கள். போயிற்று. என்னைக் கேட்டால் தேவையில்லாத வேலை. 1600களின் ஆங்கிலத்தில் ‘பிளான்டேஷன்’ என்றால் குடியேற்றம், அவ்வளவுதான். பருத்தித் தோட்டமும் இல்லை, சாட்டையும் இல்லை.

29. விரிகுடா நண்டு

அகராதிப்படி நீங்கள் சொல்வது சரி. 2010இல் நானும் இந்த வாதத்தைக் கேட்டுத் தலையாட்டியவள்தான். ஆனால் என்னுடன் வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி ஒருத்தி சொன்னாள், "என் பிறப்புச் சான்றிதழில் அந்த வார்த்தை இருக்கிறது, ஒவ்வொரு முறையும் யாராவது வந்து அகராதியைத் திறந்து எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?" என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு அடிமை வியாபாரம் செய்த ஊரில் அந்தச் சொல்லை அப்பாவிச் சொல் என்பது கொஞ்சம் சங்கடம்தான்.

30. வரைபடப்பித்தன்

நான் மாறவில்லை. ஆனால் உங்கள் தோழி சொன்னது புரிகிறது.

31. நெறியாளர்

பெயர் விவகாரத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டு குழந்தையின் அட்டைக்குத் திரும்புவோம்.

32. பசலைக்கீரை

திரும்பினேன். மாநிலப் பறவை கோழி! ரோட் ஐலண்ட் ரெட், 1954இல் தேர்ந்தெடுத்தார்கள். மலாய்ச் சேவல் உட்படக் கிழக்கிலிருந்து கப்பலில் வந்த கோழிகளையும் உள்ளூர்க் கோழிகளையும் கலந்து உருவான இனம். ஆடம்ஸ்வில் என்ற சிற்றூரில் கோழிக்கு 1925இல் நினைவுச்சின்னமே வைத்திருக்கிறார்கள்.

33. மட்டக்குதிரை

இருங்கள், ஆர்.ஐ.ஆர். கோழியா? எங்கள் பெரியப்பா பண்ணையில் அதுதான். ஆரையார், ஆரையார் என்பார். ஏதோ வங்கியின் பெயர் என்று நினைத்திருந்தேன். அது இந்த மாநிலமா!

34. பசலைக்கீரை

அதேதான். மாநிலச் சிப்பி கோஹாக், நம் மட்டி மாதிரி. அதன் ஓட்டில் ஊதாப் பகுதி உண்டு, அதில்தான் பழங்குடிகள் வாம்பம் மணி செய்தார்கள். 2014இல் வறுத்த கணவாயை மாநிலத்தின் தொடக்க உணவு என்று அறிவித்தார்கள். சட்டசபைக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள், கணவாய் பிடிப்பதுதான் அங்கே பெரிய மீன்பிடித் தொழில்.

35. ஓய்வுபெற்ற வாத்தியார்

குழந்தைகளுக்கு ஏற்றது ஒன்று. 1790இல் பொடக்கெட்டில் சாமுவேல் ஸ்லேட்டர் தண்ணீர்ச் சக்தியில் பஞ்சு நூற்கும் இயந்திரத்தை ஓட்டினார். இங்கிலாந்து ஆலையில் வேலை பார்த்தவர். இயந்திரத்தை வெளியே கொண்டுபோகத் தடை இருந்ததால் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு கப்பலேறினார். முதல் தொழிலாளிகள் ஒன்பது பேர், எல்லோரும் ஏழு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள். உங்கள் மகளின் வகுப்பு வயது. 1793இல் கட்டிய ஆலை இன்றும் நிற்கிறது.

36. விரிகுடா நண்டு

இன்னும் சில, கைக்கு வந்தபடி. ஐந்து கவுண்டிகள், அதாவது மாவட்டங்கள், உண்டு, ஆனால் கவுண்டி அரசாங்கம் இல்லை, எல்லாம் 39 ஊர்களின் கையில். 1854 வரை சட்டசபை ஐந்து ஊர்களில் மாறி மாறிக் கூடும், 1900 வரை இரண்டு தலைநகரங்கள். நியூபோர்ட்டில் வாண்டர்பில்ட் கட்டிய பிரேக்கர்ஸ் மாளிகையில் 70 அறைகள், அதை அவர்கள் ‘காட்டேஜ்’ என்றார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த வெற்றி நாளுக்கு ஆகஸ்டில் இன்னும் அரசு விடுமுறை விடும் ஒரே மாநிலம். நாட்டின் முதல் வணிகக் கடற்காற்றாலை பிளாக் ஐலண்ட் அருகே, 2016 டிசம்பரில் ஓடத் தொடங்கியது, ஐந்தே காற்றாடிகள். பிரிஸ்டலில் 1785லிருந்து விடாமல் சுதந்திர தின விழா. ஊர்வலச் சாலையில் நடுக்கோடு மஞ்சள் இல்லை. சிவப்பு, வெள்ளை, நீலம்.

கடைசியாக ஒன்று. இதை அவளிடம் இரவில் சொல்லாதீர்கள். ரோஜர் வில்லியம்ஸ் 1683இல் இறந்தார். 1860இல் அவர் சமாதியை வேறிடம் மாற்றத் தோண்டினார்கள். எலும்பு ஏதும் கிடைக்கவில்லை. அருகிலிருந்த ஆப்பிள் மரத்தின் வேர் கிடைத்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் நுழைந்து, முதுகெலும்பு வழியாக இறங்கி, இடுப்பில் இரண்டாகப் பிரிந்து, முழங்காலில் மடங்கி, பாதத்தில் மேலே திரும்பிய வேர். வில்லியம்ஸைத் தின்ற வேர் என்று பெயர் வைத்து ஜான் பிரவுன் இல்ல அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள்.

37. சீதாப்பழம்

இரவில் சொல்லிவிட்டேன். பயப்படவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வேர் நெஜமா முழங்கால் மாதிரி மடங்கியிருக்கா?" என்று பத்து முறை கேட்டாள்.

38. எதிர்க்கட்சி

டெக்சஸில் இது இல்லை, அதை நான் எழுதித் தருகிறேன்.

39. சீதாப்பழம்

பத்து நாள் கழித்து வருகிறேன். அட்டையின் நடுவில் வேர், பழுப்புக் கிரேயானில் ஆள் உயரத்துக்கு. அதனால் மற்றதெல்லாம் ஓரங்களுக்குப் போய்விட்டது. ஒரு பக்கம் 34, 32 என்று இரண்டு பெரிய எண்கள், மறுபக்கம் முக்கோணம், கீழே அம்மாவுக்காக விஜய் அமிர்தராஜ். கோழி ஒன்று சம்பந்தமில்லாமல் மூலையில் நிற்கிறது. பரப்பளவுக்குப் பக்கத்தில் ‘தரை மட்டும்’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறாள், வரைபடப்பித்தன் அண்ணா சொன்னார் என்று.

காபிப் பால் கொண்டுபோகலாமா என்று ஆசிரியையிடம் கேட்டேன், காபி என்பதால் வேண்டாம் என்றுவிட்டார். பாகு இங்கே கடையில் கிடைக்கவில்லை. வீட்டுக்காவது செய்யலாமா?

40. விரிகுடா நண்டு

மீந்துபோன டிகாக்ஷனை எடுத்து, அதே அளவு சர்க்கரை போட்டு, மெல்லிய தீயில் பாகு பதம் வரும் முன்பே இறக்கிவிடுங்கள். ஆறியதும் கெட்டியாகும். சிக்கரி இல்லாத தூள் என்றால் சுவை நெருங்கி வரும். பால் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், அது முக்கியம்.

41. சீதாப்பழம்

எங்கள் வீட்டில் சிக்கரி கலந்த தூள்தான். பார்க்கலாம். அவள் இன்னொன்று கேட்கச் சொன்னாள்: அங்கே மலை உண்டா?

42. வரைபடப்பித்தன்

மலை என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஜெரிமத் ஹில், 812 அடி, கனெக்டிகட் எல்லை ஓரம். சாலையிலிருந்து சில நிமிட நடை, ஏறுகிற உணர்வே இருக்காது. ஆனால் ஒரு காலத்தில் தனியார் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அனுமதி கிடைக்காது. ஐம்பது மாநிலங்களின் உச்சிகளையும் தொட்டே தீருவேன் என்று அலைகிற மலையேறிகள், அலாஸ்காவின் டெனாலியை முடித்துவிட்டு இந்த மேட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது பாதை திறந்திருக்கிறது. வந்தால் செருப்போடு போகலாம்.